ஆத்துமா போதும் என்பவர்களுக்கு

விசுவாச நூல் ஆத்துமாவுக்கானது. ஊர்க் காரியம் அதற்குள் வரக் கூடாது. மட்டக்களப்பில் மெதடிஸ்தரும் கத்தோலிக்கரும் பெந்தெகொஸ்தேயினரும் ஒருமனதாக ஏற்கும் கருத்து ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஆலய வாசல்களில் போட்டிருக்கும் புத்தக மேசைகளே அதற்குச் சாட்சி. ஜெப வல்லமை, சோதனையை மேற்கொள்ளுதல், தசமபாகத்தின் ஆசீர்வாதம், குடும்ப ஜெபம், கடைசிக்கால அடையாளங்கள். பெரும்பாலானவை தமிழ்நாட்டில் அச்சானவை, இல்லாவிட்டால் அமெரிக்கப் போதகர்களின் மொழிபெயர்ப்புகள். கடந்த நாற்பது வருடங்களில் இந்த வாவியின் இரு கரைகளிலும் என்ன நடந்தது என்று அறிந்த பக்கம் ஒன்றும் அவற்றில் இல்லை. அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. அப்படி இருப்பதுதான் முறை என்கிறார்கள்.

அவர்களுடைய வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைக்கிறேன். மனிதனின் நோய் அவன் இருதயத்தில் இருக்கிறது. இருதயம் மாறினால் வீடு மாறும், ஊர் மாறும். ஆகவே இருதயத்துக்கு எழுதுவதே நூலாசிரியரின் முதற்கடமை. காலத்தை வென்ற பக்தி நூல்கள் ஊர்ச் சண்டைகளைத் தொடவில்லை. தொட்டால் சபை பிளவுபடும். வேதமோ அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. ஏழைக்கு உதவத் தனியே நிறுவனங்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை; யுத்த காலத்தில் வாய் திறந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று கண்டோம்; மௌனம்தான் சபையைக் காப்பாற்றியது.

இப்படிச் சொல்பவர்கள் கோழைகள் அல்லர். உபவாசமிருந்து ஜெபிக்கிறவர்கள், வைத்தியசாலைக் கட்டிலருகே இரவெல்லாம் விழித்திருக்கிறவர்கள். அவர்கள் நம்பிக்கையோடு சொல்வதனாலேயே அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கருத்து தவறு; சீஷத்துவத்தின் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதிக்கு முழுப் பெயரைச் சூட்டுகிறது. ஆறு மறுப்புகளைச் சொல்கிறேன்.

1. முதலில் இருதயம் என்கிறீர்கள். அந்த ‘முதலில்’ எப்போது முடியும்?

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்தார்; அடுத்த ஆண்டே இங்கே இறந்தார். கத்தோலிக்கக் குருமார் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார்கள். இருநூறு வருடத்துக்கு மேலாக இந்தக் கரையில் இருதயங்களுக்குப் பிரசங்கம் நடந்திருக்கிறது. ஊர் மாறுவதற்கு இருதயம் மாறும்வரை காத்திருக்க வேண்டும் என்றால் இன்னும் எத்தனை தலைமுறை? தமக்குக் கிடைத்த சில மாதங்களில் ஓல்ட் பிரசங்கத்தோடு பள்ளிக்கூடங்களையும் தொடங்கினார். மனந்திரும்பும்வரை எழுத்தறிவு பொறுக்கட்டும் என்று அவர் எண்ணவில்லை.

சகேயுவின் மனந்திரும்புதலை லூக்கா எதனால் அளக்கிறார்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு. அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததென்று இயேசு அறிவிப்பது அதற்குப் பிறகுதான். இருதயம் ஒரு கட்டம், பணப்பை அடுத்த கட்டம் என்ற பிரிவு அங்கே இல்லை.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். யுத்தம் முடிந்தபின் நுண்கடன் நிறுவனங்கள் படுவான்கரைக் கிராமங்கள்வரை வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக்கி, கிழமைக்குக் கிழமை தவணை வாங்கினார்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க நகை, பிறகு காணி உறுதி. அந்தக் குழுவில் இருப்பவளும் சபைக்கு வருகிறாள். தவணை வசூலிக்க மோட்டார் சைக்கிளில் போகிறவனும் சபைக்கு வருகிறான். இருவருக்கும் நாம் கொடுப்பது ஒரே புத்தகம், பொருளாதார ஆசீர்வாதத்துக்கான ஜெபங்கள். நெகேமியாவின் மதில் வேலையை வைத்து ஆலயக் கட்டட நிதிக்கு எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறோம்! அதே புத்தகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், வயலையும் வீட்டையும் அடகு வைத்து, பிள்ளைகளையும் அடிமையாக்கக் கொடுத்த ஜனங்கள் கதறுகிறார்கள். கடன் கொடுத்த பெரியவர்களை நெகேமியா சபைமுன் நிறுத்தி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைக்கிறான். இந்த அதிகாரத்தை விட்டுவிட்டு மதிலை மட்டும் பிரசங்கிப்பது வேதத்துக்கே செய்யும் அநீதி.

2. காலத்தை வென்ற நூல்கள் ஊர்ச் சண்டையைத் தொடவில்லையாம். எந்த நூல்கள் அவை?

‘மோட்சப் பிரயாணம்’ என்று நம் பாட்டன்மார் வாசித்த நூலை எழுதிய ஜோன் பனியன், அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு வருடம் பெட்ஃபோர்ட் சிறையில் கிடந்தவர். 1678-இல் வெளிவந்த அந்த நூலில் பயணியின் தோழன் ஒரு சந்தை நகரத்தில் பிடிபட்டு, ஒருதலைப்பட்சமான நீதிபதிமுன் நிறுத்தப்பட்டுக் கொல்லப்படுகிறான். நீதிமன்றத்தைக் கண்டு வந்தவர் எழுதிய காட்சி அது. கிருஷ்ணபிள்ளை அந்நூலைத் தழுவி ‘இரட்சணிய யாத்திரிகம்’ பாடினார், 1894-இல் வந்தது. பாட்டின் இனிமையை ஏற்றுக்கொண்ட நாம் அதன் அடியில் இருந்த சிறையை மறந்துபோனோம்.

சீஷத்துவம் பற்றி உலகில் அதிகம் பேசப்படும் நூல்களில் ஒன்று ஜெர்மன் போதகர் டீட்ரிக் பொன்ஹோஃபர் எழுதியது. அது 1937-இல் வெளிவந்தது. அவர் பாடம் நடத்திய இறையியல் பள்ளியை ஹிட்லரின் இரகசியப் பொலிஸ் மூடியதும் அதே வருடம். 1945 ஏப்ரல் 9 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள். விலை கொடுக்காத கிருபையை அவர் எதிர்த்தது, யூத அயலானைக் கைவிட்டுவிட்டு ஆராதனை நடத்திக்கொண்டிருந்த ஒரு திருச்சபையின் நடுவில் நின்று.

நம் தீவின் வரலாறும் இதையே சொல்கிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்தபோது, 1687-இல் மாறுவேடத்தில் வந்திறங்கினார் யோசவ் வாஸ் அடிகள். அவருக்குப் பின் 1705-இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். தவக்காலத்தில் வாசிக்கப்பட்டு வந்த ‘வியாகுலப் பிரசங்கம்’ அவருடையது. பாடுகளைத் தியானிக்கும் அந்த நூல் பாடுபட்டுக்கொண்டிருந்த மக்களுக்காக எழுதப்பட்டது. இந்த நூல்கள் தங்கள் காலத்துக்கு முகம் கொடுத்ததனால்தான் அடுத்த காலங்களுக்கும் வந்து சேர்ந்தன.

3. சபை பிளவுபடும் என்கிறீர்கள். பிளவுபடாத சபை எங்கே இருக்கிறது?

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த கிழமை ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் கொல்லப்பட்டன. செப்டம்பர் 5 அன்று வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் முதியவர்களுமாகத் தமிழர் கொல்லப்பட்டனர். ஆறு கிழமைக்குள் நடந்தவை இவை. பிளவு அன்றே விழுந்துவிட்டது. நம் மௌனம் அதை ஒட்டவைக்கவில்லை. பிள்ளைகளின் கண்ணுக்கு மறைத்தது, அவ்வளவுதான்.

நல்ல சமாரியன் கதையை நம் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். கல்லடிப் பாலத்தைக் கடந்து சிறிது தூரம் போனால் காத்தான்குடி. அங்கே கடை வைத்திருப்பவர் என் அயலானா என்ற கேள்வியை எந்தப் பாடப்புத்தகமும் அந்தப் பிள்ளைகளிடம் கேட்டதில்லை. 2019-இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பின்னர், முஸ்லிம் கடைகளில் வாங்காதே என்ற பேச்சு கைபேசிக்குக் கைபேசி பரவியபோது, சபை மக்களில் பலர் கையில் அதற்கு எதிராகச் சொல்ல ஒரு வரிகூட இல்லை. வாசித்திருந்தார்கள், ஏராளமாக வாசித்திருந்தார்கள். வாசித்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை.

2004 மார்ச்சில் புலிகள் இயக்கம் உடைந்தது. அதற்குப் பிறகு ஒருவரையொருவர் சுட்ட பிள்ளைகளின் தாய்மார் இன்றும் இதே மாவட்டத்தில் வாழ்கிறார்கள், இதே ஆராதனைகளுக்கு வருகிறார்கள். உன் சகோதரனோடு மனத்தாங்கல் இருந்தால் அவனிடமே போய்ப் பேசு என்று மத்தேயு 18 வழி காட்டுகிறது. எதைப் பற்றிப் பேசுவது என்றே சொல்லத் துணியாத நூல் அந்த வழியில் யாரையும் ஓரடிகூட நடத்தாது.

4. அதிகாரத்துக்குக் கீழ்ப்படி என்கிறீர்கள். பவுல் எப்படிக் கீழ்ப்படிந்தார் என்றும் வாசியுங்கள்.

பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் போகச் சொன்னபோது பவுல் போகவில்லை. அடித்த அதிகாரிகளே நேரில் வந்து வெளியே அழைத்துப் போக வேண்டும் என்றார், வந்தார்கள். செசரியாவில் நியாயம் கிடைக்காது என்று கண்டபோது இராயனுக்கு மேன்முறையீடு செய்தார். ரோமருக்கு அந்தப் பதின்மூன்றாம் அதிகாரத்தை எழுதிய அதே மனிதர் இவர். அவருக்குக் கீழ்ப்படிதல் என்பது அதிகாரத்தை அதன் கடமைக்குப் பொறுப்பாக்குவதையும் உள்ளடக்கியது.

சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு இயேசு யாரை உதாரணம் காட்டினார்? அநீதியான நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் நியாயம் கேட்ட விதவையை. ஜெபம் பற்றிய நூல்கள் அவளுடைய விடாமுயற்சியை எடுத்துக்கொள்கின்றன. அவள் நீதி கேட்டதை விட்டுவிடுகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்திக் காந்தி பூங்காவில் நிற்கும் தாய்தான் அந்த உவமைக்கு நம் ஊரில் மிக அருகில் இருப்பவள். அவளிடம் நாம் என்ன சொல்கிறோம்? மன்னித்துவிடு, மறந்துவிடு, கர்த்தர் பார்த்துக்கொள்வார். யார் செய்தது, எங்கே புதைத்தது என்று தெரியாதவளிடம் மன்னிப்பைக் கேட்பது, இல்லாத ஒருவனை மன்னிக்கச் சொல்வது.

மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று விழுங்குவதில்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் மன்னிப்பைப் பற்றிப் பேசிய விசுவாசிகளிடையே உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களும் இருந்தார்கள். முன்கூட்டிக் கிடைத்த எச்சரிக்கையைக் கைவிட்டதற்காக, 2023 ஜனவரியில் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியைப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது. அந்த மனுவில் கையெழுத்திட்ட விசுவாசியின் கை ஆராதனையில் உயர்த்திய அதே கை. அந்தக் கையெழுத்துக்கும் சீஷத்துவ நூலில் ஓர் அதிகாரம் வேண்டும்.

5. ஏழைக்கு நிறுவனங்கள் இருக்கின்றன என்கிறீர்கள். நிறுவனம் போனபின் யார் இருக்கிறார்கள்?

2004 டிசம்பர் 26 அன்று நாவலடியும் கல்லடிக் கரையும் அழிந்தபோது உலகம் முழுவதிலுமிருந்து நிறுவனங்கள் வந்தன. நம் சபைகளும் அவற்றோடு கைகோத்துச் சமைத்தன, சுமந்தன, கட்டின. அந்த உழைப்பு மெய்யானது. ஆனால் அப்போது ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது: உதவி என்றால் திட்டம், விசுவாசம் என்றால் ஞாயிறு. திட்டம் முடிந்தது, அறிக்கை எழுதினார்கள், போய்விட்டார்கள். சமாரியன் சத்திரக்காரனிடம் காசு கொடுத்ததோடு நிற்கவில்லை. திரும்பி வருவேன், மீதியைத் தருவேன் என்று தன்னைக் கட்டிக்கொண்டான். திரும்பி வரும் அந்தப் பொறுப்பு சீஷனுடையது. அதை எந்தத் திட்டமும் ஏற்காது.

குடும்பம் பற்றிய அதிகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியான நூலில் தகப்பன் வேலைக்குப் போகிறான், தாய் வீட்டில் இருக்கிறாள், மாலையில் எல்லோரும் முழங்காலிடுகிறார்கள். மட்டக்களப்பில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம் நடக்கும். அந்த வீட்டுக்காகத் தாய் குவைத்துக்கோ சவூதிக்கோ போகிறாள். பிள்ளைகளை அம்மம்மா வளர்க்கிறார். இரவில் கைபேசியில் பிள்ளையோடு சேர்ந்து ஜெபிக்கும் அந்தத் தாய் நம் குடும்ப நூலைத் திறந்தால் தன்னைக் குற்றவாளியாகத்தான் காண்பாள். வீடு இல்லாவிட்டால் பெண் வேண்டாம் என்று சொல்லும் மாப்பிள்ளை வீட்டாரோ அதே நூலை நிம்மதியாக வாசித்து முடிப்பார்கள். அவர்களைத் தொடும் ஒரு வாக்கியமும் அதில் இல்லை. ஊரை அறியாத நூல் நடுநிலையாக இருப்பதில்லை. பாரம் சுமப்பவளின் தலையில் இன்னும் ஏற்றுகிறது, ஏற்றியவனைப் போக விடுகிறது.

6. மௌனம் சபையைக் காப்பாற்றியது என்கிறீர்கள். இதுதான் கனமான வாதம்.

சந்திரா பெர்னாண்டோ அடிகளார் மட்டக்களப்புப் பிரஜைகள் குழுவின் தலைவராக இருந்தார். கைதான பிள்ளைகளுக்காக, அடிபட்டவர்களுக்காகப் பேசினார். 1988 ஜூன் 6 அன்று அவருடைய ஆலயத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில், துணைக்கு வந்த தமிழ் இளைஞரோடு காணாமல் போனார். இந்தப் பெயர்களைத்தான் மௌனத்தின் நியாயமாகக் காட்டுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. துப்பாக்கி முன்னால் வாயை மூடிய யாரையும் நியாயம் தீர்க்க எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஆபத்துக்குச் செய்த ஒன்றை உபதேசமாக்குவது வேறு. யுத்தம் 2009-இல் முடிந்தது, மௌனம் முடியவில்லை. அன்று பயத்தால் பேசாதவர்கள் இன்று பேசாமையையே பரிசுத்தம் என்று போதிக்கிறார்கள். அடுத்த தலைமுறையோ பயம் இருந்ததென்றே அறியாமல் அந்தப் போதனையை மட்டும் கற்றுக்கொள்கிறது.

மௌனம் காக்கும் என்பதும் உண்மையில்லை. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், மரியாள் பேராலயத்தில், மக்கள் கண்முன்னால் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் வெடித்த குண்டு, ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகளைக் கொன்றது. அந்தச் சபை யாருக்கும் எதிராக ஒன்றும் பேசியிருக்கவில்லை. ஊர்க் காரியத்தை உள்ளே விடமாட்டோம் என்று நாம் சொன்னாலும் அது கதவைத் தட்டாமலே ஆலயத்துக்குள் வருகிறது. வரும்போது சபை ஆயத்தமாக இருக்க வேண்டுமா, திகைத்து நிற்க வேண்டுமா என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

பயத்தோடே பேசிய வழியும் ஒன்று இருந்தது. 1948-இல் நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்து மிக்கேல் கல்லூரி அதிபராக இருந்த ஹரி மில்லர் அடிகளார், சமாதானக் குழுவில் இருந்து, காணாமல் போனவர்களின் பெயர்களை எழுதிவைத்தார். முகாம்களுக்குப் போய்க் கேட்டார். முதுமையில் சொந்த ஊருக்குப் போனவர் அங்கே தங்க மனமின்றித் திரும்பி வந்து இங்கேயே இறந்தார். அந்தப் பெயர்ப் பட்டியல் ஒரு சீஷத்துவ நூல். ஆனால் அதை எந்தச் சபையின் புத்தக மேசையிலும் யாரும் தேடமாட்டார்கள்.

அப்படியானால் அரசியல் துண்டுப்பிரசுரமா வேண்டும் என்று கேட்பார்கள். வேண்டாம். ஜெபத்துக்கு அதிகாரம் இருக்கட்டும். அதில் அந்த விதவையும் நீதிமன்றமும் இருக்கட்டும். காணிக்கைக்கு அதிகாரம் இருக்கட்டும். அதில் கிழமைத் தவணையும் பிணைக் கையெழுத்தும் வரட்டும். குடும்பத்துக்கு அதிகாரம் இருக்கட்டும். வெளிநாட்டில் வேலை செய்யும் தாயும், வீடு கேட்கும் மாப்பிள்ளையும் அதில் தங்கள் முகத்தைக் காணட்டும். அயலானுக்கு அதிகாரம் இருக்கட்டும். காத்தான்குடி என்ற பெயர் அதில் எழுதப்படட்டும். மன்னிப்புக்கு அதிகாரம் இருக்கட்டும். 1990-இல் நாம் இழந்தவர்களும், நம் பெயரால் மற்றவர்கள் இழந்தவர்களும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

இதை எழுத வெளியிலிருந்து யாரும் வரப் போவதில்லை. ஞாயிறு பாடசாலை ஆசிரியைகள், மறைக்கல்வி கற்பிக்கும் இளைஞர்கள், கடன் குழுக்களில் இருந்து வெளியே வந்த பெண்கள், பட்டியல்களை வைத்திருக்கும் குருமார்: அறிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அடுத்த தவக்காலத்துக்கு முன் ஒரு சபையோ ஒரு பங்கோ இவற்றில் ஓர் அதிகாரத்தை எழுதி, தன் மக்களோடு உட்கார்ந்து வாசிக்கட்டும். வாசித்து முடித்தபின், ஆத்துமாவுக்கு இதில் இடமில்லை என்று யாராவது காட்டினால் என் வாதம் தோற்றது. காட்ட முடியாவிட்டால், ஆத்துமா போதும் என்ற பேச்சை அவர்கள் நிறுத்த வேண்டும்.